கோச்சிப் பாதையில் எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் பிடிக்கக் கூடாது?

பாடசாலைத் தோட்டத்தில் ஓடக்கூடிய மாதிரிப் புகையிரதம் ஒன்றை அமைப்பது பற்றி ஆசிரியர்கள் சிலர் பேசி வருகிறோம். பேச்சு எப்போதும் இன்ஜினில்தான் தொடங்குகிறது. எந்த இன்ஜின், என்ன நிறம், எத்தனை பெட்டி என்றுதான் கேட்கிறோம். ஆனால் மட்டக்களப்புக்குக் கோச்சி வந்த கதையைப் படித்தால் வேறொன்று விளங்கும். இன்ஜினைப் பிறகும் மாற்றலாம். முதல் நாளே சரியாகத் தீர்மானிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, தண்டவாளங்களின் இடைவெளி. மற்றது, பாதை பிரியும் இடத்தில் இருக்கும் பொயின்ட்.

இலங்கையின் முதல் ரெயில் 1864 டிசம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடியது. இந்தியாவின் பிரதான பாதைகளைப் போலவே இங்கும் இரு தண்டவாளங்களுக்கு இடையே 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மில்லிமீற்றர் வைத்தார்கள். 1867இல் கண்டிக்கும், 1905இல் யாழ்ப்பாணத்துக்கும், 1924இல் பதுளைக்கும் பாதை போய்ச் சேர்ந்தது. எங்கள் வாவிக்கரைக்கு வரும்போது 1928 ஆகிவிட்டது.

தாமதத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மலைநாட்டில் கோப்பியும் தேயிலையும் ரெயிலுக்குக் காசு கொடுத்தன. இந்தப் பக்கம் மாகோ தாண்டினால் பெரும்பாலும் காடு, அதோடு மலேரியா. மின்னேரியாக் குடியேற்றமே 1930களில்தான் தொடங்கியது. அதனால் எங்கள் பாதையை "மட்டக்களப்பு–திருகோணமலை லைட் ரெயில்வே" என்ற பெயரில் திட்டமிட்டார்கள். லைட் ரெயில்வே என்றால் பாரமும் வேகமும் குறைவாக இருக்கும் என்று கணக்கிட்டு, குறைந்த செலவில் போடும் பாதை. மன்னம்பிட்டியிலும் ஓட்டமாவடியிலும் புதிய பாலங்கள் வரும்வரை ஒரே பாலத்தில் கோச்சியும் வாகனமும் மாறி மாறிப் போனதை எங்கள் ஊர்களில் பலரும் கண்டிருக்கிறோம்.

ஆனால் ஒன்றில் மட்டும் மிச்சம் பிடிக்கவில்லை. தண்டவாள இடைவெளியைக் குறைக்கவில்லை. அந்த ஆசை வருவதற்கு முன்மாதிரிகள் நாட்டிலேயே இருந்தன. களனிவெளிப் பாதையையும், நானுஓயாவிலிருந்து ராகலை வரை போன பாதையையும் 2 அடி 6 அங்குலத்தில், அதாவது 762 மில்லிமீற்றரில் போட்டிருந்தார்கள். மலையிலும் வளைவிலும் அது மலிவு. ஆனால் நானுஓயாவில் இறங்கிய ஒவ்வொரு மூட்டையையும் ஒரு பெட்டியிலிருந்து இறக்கி மற்றதில் ஏற்ற வேண்டும். ராகலைப் பாதை 1940களில் மூடப்பட்டது. களனிவெளியை 1990களில் மீண்டும் செலவு செய்து அகலமாக்கினார்கள்.

கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரெயில், அங்கிருந்து கப்பல், தலைமன்னாரிலிருந்து மீண்டும் ரெயில் என்று பயணம் ஒழுங்கானது. ஆனால் தனுஷ்கோடிக்கு வந்தது மீற்றர் கேஜ், தலைமன்னாரில் இருந்தது அகலப் பாதை. நடுவில் கடலே இல்லாமல் இருந்திருந்தாலும் அந்தப் பெட்டி இந்தத் தண்டவாளத்தில் ஓடியிருக்காது.

எங்கள் பாதைக்கு அந்த நிலை வரவில்லை. கொழும்புக் கோட்டையில் ஏறியவர் பெட்டி மாறாமல் மட்டக்களப்பில் இறங்கலாம். போர்க்காலத்தில் பல ஆண்டுகள் சேவை நின்றது. திரும்பத் தொடங்கியபோது எங்களுக்கென்று தனி இன்ஜினோ தனிப் பெட்டியோ தேடவேண்டி இருக்கவில்லை. நாட்டில் ஓடும் எதுவும் இங்கும் ஓடும். 1920களில் எடுத்த ஒரு முடிவின் பலன் அது.

இனிப் பொயின்டுக்கு வருவோம். மருதானை தாண்டி மட்டக்களப்புக்கு வரும் கோச்சி நான்கு பெரிய சந்திகளைக் கடக்கிறது. றாகமவில் புத்தளம் பாதை பிரிகிறது. பொல்கஹவெலவில் மலைநாட்டுப் பாதை, மாகோவில் வடக்குப் பாதை, கல்ஓயாவில் திருகோணமலைப் பாதை. இரவு மெயிலில் வந்தவர்களுக்குக் கல்ஓயாவில் பெட்டிகளைக் கழற்றிப் பிரித்த காலம் நினைவிருக்கும். இந்த நான்கில் ஒன்று பிழைத்தாலும் நாம் வேறு ஊரில்தான்.

பொயின்டின் வேலை எளிது. நாக்குப் போலக் கூர்மையாக்கிய இரண்டு தண்டவாளங்கள் பக்கவாட்டில் நகர்ந்து ஏதாவது ஒரு பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்ட வேண்டும். இடையில் ஒரு சிறு கல் சிக்கினாலும் ஒட்டாது, சக்கரம் தடம் மாறும். ஒட்டினால் மட்டும் போதாது, சிக்னலும் அதே பாதையைத்தான் காட்ட வேண்டும். பொயின்டையும் சிக்னலையும் ஒன்றோடொன்று பூட்டும் முறைக்கு 1856இல் இங்கிலாந்தில் ஜோன் சாக்ஸ்பி காப்புரிமை எடுத்தார். அந்தப் பூட்டு பிழைத்தால் என்ன நடக்கும் என்பதை 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோரில் உலகமே கண்டது. நேரே போகச் சிக்னல் பெற்ற கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பக்கப் பாதைக்குள் நுழைந்து, நின்றிருந்த சரக்கு ரெயிலில் மோதியது. 290 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள்.

தோட்டத்து ரெயிலில் உயிர்ப் பயம் இல்லை. ஆனால் பாடம் அதுவேதான். உலகில் தோட்ட ரெயில்களுக்கு அதிகம் பயன்படுவது 45 மில்லிமீற்றர் இடைவெளி. 1968இல் ஜேர்மனியின் லேமன் நிறுவனம் எல்.ஜி.பி. என்ற பெயரில் இந்த அளவில் தோட்டத்தில் ஓடும் ரெயில்களைக் கொண்டுவந்தது. பிள்ளைகளுக்கு இதில் நல்ல கணக்கு ஒன்று இருக்கிறது. 1676ஐ 45ஆல் வகுத்தால் ஏறத்தாழ 37. நம் மலைநாட்டுப் பாதையின் மிக இறுக்கமான வளைவுகளின் ஆரை 5 சங்கிலி, அதாவது சுமார் 100 மீற்றர். அதை 37ஆல் வகுத்தால் 2.7 மீற்றர் வரும். கடையில் விற்கும் மிக இறுக்கமான வளைவோ 60 சென்ரிமீற்றர்தான். நீளமான பெட்டிகள் அதில் தடுமாறும். இடம் இருந்தால் வளைவையும் பொயின்டையும் பெரிய ஆரையில் எடுப்பதே நல்லது.

உலோகத்தையும் எங்கள் காற்றைப் பார்த்துத்தான் தெரிய வேண்டும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் சாதாரண இரும்பு நிலைக்காது. அலுமினியம் மலிவு. ஆனால் அதன் மேற்பரப்பில் படியும் ஒட்சைட்டு மின்சாரத்தைத் தடுக்கும், ஆகவே பற்றரியில் ஓடும் இன்ஜினுக்கு மட்டும் சரி. தண்டவாளம் வழியே மின்சாரம் கொடுப்பதென்றால் பித்தளை நல்லது. கறுத்தாலும் தேய்த்துத் துலக்கலாம். வெயிலுக்கு நீளும் என்பதையும் மறக்கக் கூடாது. 10 மீற்றர் பித்தளை, வெப்பம் 30 பாகை கூடினால் ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் நீளும். அதற்கு இடைவெளி விடாவிட்டால் பாதை நெளியும்.

அடியில் கடற்கரை மணல் போட வேண்டாம். அதில் உப்பு இருக்கிறது, காற்றில் பறந்து நேரே பொயின்டின் நாக்குக்குள் போய் உட்காரும். உடைத்த சிறு சல்லி போட்டால் மாரி மழையிலும் தண்ணீர் வடிந்துவிடும்.

ஆகவே எங்கள் யோசனை இதுதான். காசு குறைவென்றால் பெட்டிகளைக் குறைப்போம். ஸ்டேசனைக் காட்போட்டில் செய்வோம். பாதையையும் சிறிதாகப் போட்டுப் பிறகு நீட்டலாம். தண்டவாள இடைவெளியிலும் பொயின்டிலும் மட்டும் கை வைக்க வேண்டாம். காடு வெட்டிப் பாதை போட்டவர்கள் அந்தக் காலத்திலேயே அப்படித்தான் செய்தார்கள்.

கல்ஓயாவில் பெட்டி பிரித்த நாட்களையோ, ஓட்டமாவடிப் பாலத்தில் கோச்சிக்காகக் காத்திருந்ததையோ அறிந்த பெரியவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம்.