சிவிறி முதல் சூப்பர் சோக்கர் வரை

வையையில் புதுப்புனல் வந்த நாளில் மதுரை மாந்தர் ஆடிய நீர்விளையாட்டைப் பரிபாடல் விரித்துரைக்கின்றது. அவ்விளையாட்டில் நீரை வாரி இறைத்த கைகளோடு, நீரைப் பீச்சும் சிவிறி என்னும் கருவியும் இருந்தது. வடநாட்டார் ஹோலிப் பண்டிகையில் வண்ணநீர் பீச்சும் பிச்காரியும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. பிச்காரியின் அமைப்பு மிக எளிது. குழாய் ஒன்று, அதனுள் இறுகப் பொருந்தி ஓடும் தண்டு ஒன்று. தண்டை இழுத்தால் நீர் உள்ளே ஏறும். தள்ளினால் வெளியே பாயும்.

இதில் ஒரு குறை உண்டு. தள்ளும் கை எவ்வளவு வலியதோ அவ்வளவு தூரமே நீர் செல்லும். அண்ணன் அடித்தால் முற்றம் கடக்கும். தம்பி அடித்தால் காலடியில் விழும். பிற்காலத்தில் வந்த பிளாஸ்டிக் கைத்துப்பாக்கியும் இதை மாற்றவில்லை. அதன் விசையை விரலால் ஒருமுறை அழுத்தினால் சிறு துளி ஒருமுறை தெறிக்கும், அவ்வளவே.

இன்று சிறுவர்க்குச் சிறியதொரு நீர்த்துப்பாக்கி வாங்குவோர், அது எத்தனை அடி பாய்கிறது, எவ்வளவு நீர் கொள்கிறது என்ற இரண்டையே கேட்கின்றனர். அவற்றினும் முதன்மையான கேள்வி வேறு. சிறிய கைக்கும் பெரிய கைக்கும் உள்ள ஏற்றத்தாழ்வை அது எவ்வளவு குறைக்கிறது என்பதே அது. இந்த அளவுகோலை வைத்து நோக்கினால், பல நூற்றாண்டுகளாக மாறாதிருந்த இக்கருவியை மாற்றியவர் ஒருவரே எனலாம். அவர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் லோனி ஜான்சன்.

1949ஆம் ஆண்டு அலபாமா மாநிலத்து மொபீல் நகரில் பிறந்தவர் அவர். கைவேலை தெரிந்த தந்தையார், மூங்கிற் குழாயில் காற்றை அமுக்கி மலைவேம்புக் காயை எறியும் விளையாட்டுக் கருவியை மகனுடன் சேர்ந்து செய்தார். மூங்கில் வளரும் நாட்டார்க்கு இது புதிதன்று. ஆனால் அச்சிறுவன் அதிலிருந்து கற்றது ஆயுள் முழுதும் உடன்வந்தது. பின்னர், கறுப்பினப் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்ட உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது, பழைய இரும்புச் சாமான்களைப் பொறுக்கி ஓர் இயந்திர மனிதனைச் செய்தார். 'லைனக்ஸ்' என்று பெயரிடப்பட்ட அதை இயக்கியதும் அமுக்கிய காற்றே.

1968இல் அதை அலபாமாப் பல்கலைக்கழகத்தில் நடந்த அறிவியற் கண்காட்சிக்குக் கொண்டுசென்றார். கறுப்பின மாணவர் இருவர் உள்ளே நுழைவதைத் தடுக்க, 1963இல் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் வாயிலை மறித்து நின்ற அதே பல்கலைக்கழகம். கண்காட்சிக்கு வந்திருந்த ஒரே கறுப்பின மாணவர் ஜான்சன். முதற்பரிசு அவருக்கே கிடைத்தது. ஆயினும் அப்பல்கலைக்கழகத்தார் எவரும் தம்மை அங்கே வந்து பயிலுமாறு அழைக்கும் நோக்கோடு பேசவில்லை என்று அவர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். பரிசளித்த கை கதவைத் திறக்கவில்லை. அவர் டஸ்கீகியில் பொறியியல் பயின்று, ஆகாயப் படையிலும், வியாழன் கோளை ஆராயச் சென்ற கலிலியோ விண்கலத் திட்டத்திலும் பணிபுரிந்தார்.

1982இல், ஃபிரியானுக்குப் பதிலாக நீரைப் பயன்படுத்தும் வெப்ப ஏற்றி ஒன்றைத் தம் வீட்டுக் குளியலறையில் சோதித்துக்கொண்டிருந்தார். குழாயில் பொருத்திய நுனிக்குழலிலிருந்து நீர் அறையின் மறுகோடி வரை சீறிப் பாய்ந்தது. வேறொருவர் தரையைத் துடைத்துவிட்டுப் போயிருப்பார். அவரோ மூங்கிற் குழாயின் தத்துவத்தை நீருக்கும் பொருத்தலாம் என்று கண்டார். கைப்பம்பால் காற்றைச் சிறிது சிறிதாக அமுக்கிச் சேமித்துவைத்தால், குழந்தையின் கையும் பெரியவர் கைக்கு நிகராகும். வலுவில்லாத பிள்ளை இருபது முறை பம்பு அடிக்கட்டும். வலுவுள்ளவன் பத்து முறை அடிக்கட்டும். விசையை இழுக்கும்போது பாய்வது ஒன்றே. தாம் செய்த முதல் மாதிரியை அவர் தம் சிறு மகள் கையிற் கொடுத்துத்தான் சோதித்தார்.

1986இல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் செய்து விற்க ஆளில்லை. முதல் ஆயிரம் துப்பாக்கிகளுக்கு 2 லட்சம் டாலர் ஆகும் என்று கேட்டு, தாமே தயாரிக்கும் எண்ணத்தைக் கைவிட்டார். 1989இல் லராமி நிறுவனத்தாரின் கூட்ட அறையில் அதை இயக்கிக் காட்டிய பின்னரே வழி பிறந்தது. 1990இல் வேறொரு பெயரில் கடைக்கு வந்த அக்கருவி, மறு ஆண்டு 'சூப்பர் சோக்கர்' ஆயிற்று. அவ்வாண்டில் மட்டும் ஏறத்தாழ 20 கோடி டாலருக்கு விற்பனையானது.

சிறு கருவியை வாங்குவோர் அறியவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. காற்றை நேரே நீர்த்தொட்டிக்குள் அடைக்கும் வகையில், தொட்டியை வாய்வரை நிரப்புதல் கூடாது. அடைபட்ட காற்றின் இடம் இருமடங்கானால் அழுத்தம் பாதியாகும் என்பது ராபர்ட் பாயில் 1662இல் வெளியிட்ட விதி. காற்றுக்கு இடம் குறைவாயின், சிறிது நீர் வெளியேறியதுமே அழுத்தம் வீழ்ந்து தாரை தளரும். மூன்றில் ஒரு பங்கேனும் வெற்றிடம் விட்டால் தாரை நீடிக்கும். இதனைப் பிள்ளைகள் தாமே கண்டுபிடித்துவிடுகின்றனர். பெரியவர்களே கடையில் தொட்டியின் கொள்ளளவைக் கண்டு ஏமாறுகின்றனர். காற்றுக்குப் பதில் ரப்பர்ப் பையின் இறுக்கத்தால் நீரைத் தள்ளும் பெருங்கருவி 1996இல் வந்தது. தாரை சீராக இருந்தது. ஆனால் அதன் கனம் மீண்டும் வலியவன் பக்கமே சாய்ந்தது.

துப்பாக்கி வடிவம் இக்கருவிக்கு வேண்டாத அணி. 1992இல் பாஸ்டன் நகரில் நீர்ச்சண்டையில் மூண்ட பூசல் மெய்த்துப்பாக்கிச் சூட்டில் முடிந்து, 15 வயதுச் சிறுவன் ஒருவன் மாண்டான். இவற்றை விற்கவேண்டாம் என்று நகர மேயர் கடைக்காரர்களைக் கேட்டுக்கொண்டார். சிறுவனைக் கொன்றது நீரன்று என்பது உண்மையே. ஆயினும் வையைக் கரையில் சிவிறி ஏந்தியவர்க்குத் தம் கருவி வேறொன்றைப்போல் தோன்றவேண்டிய தேவை இருக்கவில்லை.

லராமியைப் பின்னர் ஹாஸ்ப்ரோ நிறுவனம் வாங்கியது. தமக்குரிய உரிமத்தொகை குறைவாகத் தரப்பட்டது என்று ஜான்சன் வழக்காடினார். 2013இல் நடுவர் தீர்ப்பு அவர் பக்கம் அமைந்து, 7 கோடியே 29 லட்சம் டாலர் அவருக்குக் கிடைத்தது. விளையாட்டுக் கருவியால் வந்த வருவாயை, வெப்பத்தை மின்சாரமாக்கும் இயந்திரத்தின் ஆராய்ச்சியிலும் மின்கல ஆராய்ச்சியிலும் அவர் முதலிட்டார். குளியலறையில் அவர் தேடிக்கொண்டிருந்ததும் வெப்பத்தைப் பற்றியதுதான்.