பந்தய விதிகளும் விழுகிற உடல்களும்

குருசுக்குப்பத்தில் குதிரை கிடையாது. எங்கள் ஊர் அறிந்த சவாரி கட்டுமரச் சவாரிதான். பிரெஞ்சுக்காரன் காலத்துப் புதுச்சேரித் தெருக்களில் குதிரையின் வேலையை மனிதர்களும் பார்த்தார்கள். துரை 'புஷ்புஷ்' வண்டியில் உட்கார்ந்து முன்னாலிருக்கும் பிடியைத் திருப்புவார். பின்னாலிருந்து ஓர் ஆள் தள்ளிக்கொண்டே ஓடுவான். ஆனாலும் ரேஸ் என்கிற சொல் எங்கள் தெருவுக்கு அந்நியமல்ல. பஸ் ஏறி கிண்டியில் இறங்கிப் பணம் கட்டிவிட்டு வந்தவர்கள் உண்டு. அவர்களில் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "ஜாக்கி கீழ வுழுந்தா பாவமாத்தான் இருக்கும் தம்பி. ஆனா கண்ணு மொதல்ல போர்டுக்குத்தான் போவும்."

பந்தய விதிகளின் வரலாற்றைப் புரட்டினால், அவற்றை எழுதியவர்களின் கண்ணும் போர்டுக்குத்தான் போயிருக்கிறது.

இங்கிலாந்தில் ஜாக்கி கிளப் தோன்றியது 1750 வாக்கில். பெயர்தான் ஜாக்கி கிளப். உள்ளே இருந்தவர்கள் குதிரை வைத்திருந்த பிரபுக்கள். அவர்கள் வகுத்த ஒழுங்கின் மையத்தில் இருப்பது தராசு. ஓடுவதற்கு முன்பும் ஓடி முடித்த பின்பும் ஜாக்கி தன் சேணத்தைத் தூக்கிக்கொண்டு எடைத்தட்டில் ஏறவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அட்மிரல் ரூஸ் என்பவர், எந்த வயதுக் குதிரை எவ்வளவு எடை சுமக்க வேண்டும் என்று அட்டவணையே போட்டார். நல்ல குதிரைக்குக் கூடுதல் பாரம், சுமாரான குதிரைக்குக் குறைவு. அப்போதுதான் பந்தயம் சரிக்குச் சரியாக இருக்கும், பணம் கட்டுகிறவனுக்கும் நம்பிக்கை வரும். குறைந்த பாரம் விழுந்த குதிரைக்கு ஏற்ற ஆளாக இருக்க ஜாக்கி என்ன செய்கிறான்? பட்டினி கிடக்கிறான். தண்ணீர் குடிப்பதில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓடி வியர்வையாக உடம்பைக் கரைக்கிறான். அப்புறம் தலை சுற்றலோடு மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிற மிருகத்தின்மேல் ஏறி நிற்கிறான். பந்தயப் பணத்தின் பாதுகாப்புக்காக வந்த விதி, சவாரி செய்கிறவனின் உடலை ஆபத்தில் தள்ளுகிறது. இது விதியில் உள்ள ஓட்டையல்ல, விதியின் வேலையே இதுதான்.

தலைக்கவசம் எப்போது வந்தது? தடை தாண்டும் பந்தயங்களில் அது கட்டாயமானது 1924ல்தான், அதுவும் ஒரு சவாரியாளர் மண்டையில் அடிபட்டுச் செத்த பிறகு. தராசுக்கு இருந்த அவசரம் மண்டையோட்டுக்கு இருக்கவில்லை.

புதுச்சேரிக்கும் பந்தயத்துக்கும் ஒரு கடல்வழித் தொடர்பு இருக்கிறது. 1735க்குப் பிறகு லா பூர்தொனே, மொரீஷியஸில் போர்ட் லூயி நகரத்தை எழுப்பப் புதுச்சேரியிலிருந்து கொத்தர்களையும் தச்சர்களையும் கொண்டுபோனான். அந்த நகரத்தில் பிரெஞ்சுப் படை கவாத்துச் செய்த மைதானம் ஷான் த மார்ஸ். 1810ல் தீவு ஆங்கிலேயன் கைக்குப் போக, 1812ல் கர்னல் டிரேப்பர் அங்கே குதிரைப் பந்தயத்தைத் தொடங்கினான். தோற்ற பிரெஞ்சு முதலாளிகளையும் ஜெயித்த ஆங்கில அதிகாரிகளையும் ஒரே மைதானத்தில் சேர்த்துவைப்பது நோக்கம். எஜமானர்கள் சமாதானமாகப் போக ஓர் ஏற்பாடு. அதே மைதானத்தில் 2021 மே மாதம் ஒரு ஜாக்கி விழுந்து இறந்தார்.

இனி கிண்டி. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896ல் அமைந்தது. குடும்பங்கள் சீரழிகின்றன என்று 1974ல் தி.மு.க. அரசு பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது. நீதிமன்றத் தடையால் அது நடைமுறைக்கு வரவில்லை. 1986ல் எம்.ஜி.ஆர். அரசு கிளப்பையே எடுத்துக்கொள்ளச் சட்டம் கொண்டுவந்தது. 1996 ஜனவரியில் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் உச்சநீதிமன்றம் கிளப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது: குதிரைப் பந்தயம் சூதாட்டமல்ல, திறமை சார்ந்த விளையாட்டு. இந்த வாதத்தைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். குதிரையின் வம்சம், பயிற்சி, வேகம், ஜாக்கியின் கைத்திறன் எல்லாமே அங்கே சாட்சியாக நிறுத்தப்படுகின்றன. எதற்கு? பணம் கட்டுகிறவன் கணக்குப் போட்டுத்தான் கட்டுகிறான் என்று நிரூபிக்க. கால் ஒடிந்த குதிரையும் முதுகெலும்பு முறிந்த ஜாக்கியும் அந்த வழக்கின் கேள்வியாக இருக்கவில்லை. தடை கேட்ட அரசும் பர்ஸைத்தான் பார்த்தது.

குதிரை ஒரு உயிராக விதிக்குள் வருவது 2001ல், காட்சி விலங்குகள் பதிவு விதிகளில். சாட்டை காற்றடைத்த, அதிர்ச்சி தாங்கும் வகையாக இருக்கவேண்டும். பின்தொடையில் மட்டும்தான் அடிக்கலாம். ஒரு பந்தயத்துக்கு மூன்று அடிக்கு மேல் கூடாது. அதாவது மூன்று அடி சட்டப்பூர்வமானது.

சைஸ் எங்கே இருக்கிறார்? லாயத்தில் குதிரைக்குப் பக்கத்தில் கிடந்து, சாணி அள்ளி, உருவிவிட்டு, உதை வாங்குகிறவர் அவர். பந்தயப் புத்தகத்தில் குதிரை பெயர், முதலாளி பெயர், பயிற்சியாளர் பெயர், ஜாக்கி பெயர் அச்சாகிறது. சைஸ் பெயர் இல்லை. நம் சமூகத்தில் குதிரை பற்றிய ஆகப் பழைய விதி எப்படி ஏறுவது என்பதல்ல, யார் ஏறலாம் என்பது. வடக்கே தலித் மாப்பிள்ளை குதிரை ஏற இன்றைக்கும் போலீஸ் காவல் தேவைப்படுகிறது. 2018ல் குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் ஒரு தலித் இளைஞர் கொல்லப்பட்டபோது, குதிரை வைத்திருந்ததும் சவாரி செய்ததும்தான் காரணம் என்றார்கள் குடும்பத்தார். அந்த விதியை எந்த ஸ்டூவர்டும் எழுதிவைக்கவில்லை.

2024 செப்டம்பரில் தமிழக அரசு கிண்டி மைதானத்துக்கு சீல் வைத்தது. 160 ஏக்கர், 1945லிருந்து 99 வருடக் குத்தகை, வருட வாடகை 614 ரூபாய் 13 அணா, பாக்கி 730 கோடி என்றது அரசு. குளம் வெட்டலாமா, பூங்கா வைக்கலாமா என்று பேச்சு நடந்தது. நான் படித்த செய்திகளில் நிலத்தின் அளவு அணா பைசா சுத்தமாக இருந்தது. லாயத்தில் எத்தனை சைஸ்கள், அவர்கள் எங்கே போவார்கள் என்று ஒரு வரி இல்லை.