மரிக்காரும் உபாலியும் கதைத்த தமிழ்: பொட்காஸ்டுக்கு முந்தின எங்கட ஒலிக்கதைகள்

கண்டக்குழியிலிருந்து புத்தளம் ரவுணுக்குப் போறதெண்டா தீபகற்பத்தின் நீளத்துக்குக் கீழே இறங்கி, பாலாவிச் சந்தியைச் சுற்றித்தான் போக வேண்டும். அந்த பஸ் பயணத்துக்குள் ஒரு பொட்காஸ்ட் கதையின் இரண்டு எபிசோட் முடிந்துவிடும். எங்களில் நாவல் எழுத ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் இப்படிக் கதை கேட்கிற ஆக்கள்தான். வாசிப்பதைவிடக் கேட்பதுதான் கூட. "கேட்டுக்கொண்டே இருந்தா எப்ப எழுதுவாய், புத்தகத்தை எடு" என்பது நாங்கள் வழக்கமாக வாங்கும் ஏச்சு.

அந்த ஏச்சில் பாதி நியாயம் இருக்கு. மற்றப் பாதிக்கு வரலாறு பதில் சொல்கிறது. இலங்கையில் தமிழ்க் கதை எங்கட வீட்டுப் பேச்சைப் பேசப் பழகினதில் புத்தகத்துக்கு எவ்வளவு பங்கு இருக்கோ, அவ்வளவு பங்கு ஒலிக்கும் இருக்கு.

"பொட்காஸ்ட்" என்ற சொல்லுக்கு வயசு குறைவு. 2004-ல் கார்டியன் பத்திரிகைக் கட்டுரை ஒன்றில்தான் அது முதலில் அச்சில் வந்தது. அடுத்த வருசமே ஸ்கொட் சிக்லர் என்ற அமெரிக்க எழுத்தாளர் தன் 'எர்த்கோர்' நாவலைத் தானே வாசித்துத் தொடராக இணையத்தில் விட்டார். 2012-ல் தொடங்கிய 'வெல்கம் டு நைட் வேல்' பாலைவனச் சிற்றூர் ஒன்றின் வானொலி அறிவிப்பாளர் சொல்லும் கதை. 2015-ல் அதே ஊர் நாவலாகவும் வந்தது.

ஆனா ஒலியிலிருந்து நாவலுக்குப் போகிற பாதையை பொட்காஸ்ட் கண்டுபிடிக்கவில்லை. டக்ளஸ் அடம்ஸின் 'த ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைட் டு த கலக்ஸி' 1978 மார்ச்சில் பிபிசி வானொலித் தொடராக வந்தது. நாவல் வந்தது 1979-ல். எங்களைப் போல கடற்கரை ஊர்க்காரருக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் டிலன் தோமஸின் 'அண்டர் மில்க் வுட்'. வேல்ஸ் தேசத்துக் கடலோரச் சிற்றூர் ஒன்றில் ஒரு இரவும் ஒரு பகலும் மனிதர்கள் கனவு காண்பதும் கதைப்பதும்தான் முழுக் கதை. தோமஸ் 1953 நவம்பரில் இறந்தார். 1954 ஜனவரியில் பிபிசி அதை ஒலிபரப்பியது. சின்ன ஊர் ஒன்றின் குரல்களே போதும், சம்பவம் பெரிசா இருக்கத் தேவையில்லை என்பதை அது காட்டியது.

விதானையார் வீட்டுக்குள் போன மைக்

இலங்கையில் முறையான வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16-ல் கொழும்பில் தொடங்கியது. 1949-ல் அது 'ரேடியோ சிலோன்' ஆனது, 1950-ல் வர்த்தக சேவை வந்தது, 1967-ல் கூட்டுத்தாபனம் ஆனது. பாட்டுக்காக அதைத் தமிழ்நாட்டிலும் வீடு வீடாகக் கேட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். பாட்டுகளுக்கு நடுவில் வந்த நாடகங்களைப் பற்றி எங்கட தலைமுறை அவ்வளவாகக் கதைப்பதில்லை.

அந்த நாடகங்களை எழுதியவர்களில் முக்கியமானவர் இலங்கையர்கோன். சொந்தப் பெயர் சிவஞானசுந்தரம். 1915-ல் பிறந்தவர், ஈழத்துச் சிறுகதை முன்னோடிகளில் ஒருவர். அச்சில் அவர் கலைநயம் பார்த்து எழுதிய சிறுகதைக்காரர். வானொலிக்கு எழுதின 'விதானையார் வீட்டில்' தொடரில் யாழ்ப்பாணத்துக் கிராமம் தன்ர சொந்த வாயால் கதைத்தது. நாடகத் தயாரிப்பாளராக இருந்த 'சானா' சண்முகநாதன் 'லண்டன் கந்தையா'வாக நடித்ததும் அப்படித்தான் சனங்களிடம் போய்ச் சேர்ந்தது.

இங்கே ஒரு விசயம் கவனிக்க வேண்டியது. இலங்கையர்கோன் 1961-ல் இறந்தார். அவருடைய சிறுகதைகள் 'வெள்ளிப் பாதசரம்' என்று தொகுப்பானது அதற்குப் பிறகுதான். உயிரோடு இருந்த காலத்தில் அவருடைய எழுத்தில் பெருந்தொகையான ஆக்களைப் போய்ச் சேர்ந்தது காற்றில் போன எழுத்து. இண்டைக்கு எங்கட கையில் இருப்பது காகிதத்தில் நின்ற எழுத்து. ஒலிக்கதையின் பலமும் பலவீனமும் இந்த ஒரு மனிதரின் வாழ்க்கைக்குள்ளேயே இருக்கு.

அந்தக் காலத்தில் பேச்சுத்தமிழில் எழுதுவது லேசான காரியம் இல்லை. 1954-ல் உருவான இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் 'மண்வாசனை' என்று சொல்லி ஊர்ப்பேச்சைக் கதைக்குள் கொண்டுவந்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் மரபுவாதிகள் அதை 'இழிசனர் வழக்கு' என்று தாக்கினார்கள். 'மரபுப் போராட்டம்' என்று இலக்கிய வரலாற்றில் படிக்கிறோமே, அது இதுதான். சண்டை இலக்கணத்தைப் பற்றி மட்டும் நடக்கவில்லை. யாருடைய வாய்மொழிக்குப் புத்தகத்தில் இடம் உண்டு, யாருக்கு இல்லை என்ற சாதியும் வர்க்கமும் கலந்த சண்டை அது. டொமினிக் ஜீவாவும் கே. டானியலும் அதற்குள் நின்று எழுதினார்கள்.

பத்திரிகைப் பக்கங்களில் இந்தச் சண்டை நடக்கும்போது, வானொலியில் விதானையாரும் கந்தையாவும் ஊர்ப்பேச்சில் கதைத்ததை வீடுகள் ரசித்துக் கேட்டன. காரணம் சிம்பிள். வானொலி நாடகத்தில் முகம் இல்லை, உடுப்பு இல்லை, மேடை இல்லை. கதைக்கிறவர் யார், எந்த ஊர், என்ன வயசு, படிச்சவரா என்பதெல்லாம் கதைக்கிற விதத்தாலேயே தெரிய வேண்டும். எல்லாரும் செந்தமிழில் கதைத்தால் கேட்கிறவருக்கு ஆள் வித்தியாசம் பிடிபடாது. ஊர்ப்பேச்சுக்கு இடம் கொடுக்கச் சொல்லி அந்த ஊடகமே கட்டாயப்படுத்தியது.

நாலு பேர், நாலு தமிழ்

1970-களில் இது உச்சத்துக்குப் போனது. எஸ். ராம்தாஸ் எழுதின 'கோமாளிகளின் கும்மாளம்' தொடரில் நாலு பேர். ராம்தாஸ் மரிக்காராக முஸ்லிம் தமிழ் கதைத்தார். ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாக யாழ்ப்பாணத் தமிழ். எஸ். செல்வசேகரன் உபாலியாக, சிங்களவர் ஒருவர் தமிழ் கதைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. பி.எச். அப்துல் ஹமீட் ஐயராகப் பிராமணத் தமிழ். பெயரைச் சொல்லாமலே யார் கதைக்கிறார் என்று சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். தொடரின் புகழில் 1976-ல் 'கோமாளிகள்' என்று படமும் வந்தது.

இந்த வெற்றியில் ஒரு சிக்கலும் இருந்தது. ஊர்ப்பேச்சு உள்ளே வந்துவிட்டது, ஆனா பெரும்பாலும் சிரிப்பு மூட்டத்தான் வந்தது. மரிக்காரும் உபாலியும் வாயைத் திறந்தாலே சிரிக்கத் தயாராக இருந்தது சனம். ஒரு தமிழைக் கேட்டவுடனே சிரிப்பு வருகிறதெண்டால், அந்தத் தமிழில் ஒருவர் அழும்போது என்ன செய்வோம்? கேட்டுப் பழகின எங்களுக்கு நாவல் எழுத உட்காரும்போது முன்னால் வந்து நிற்கிற கேள்வி இது.

பதில் தேடினவர்களும் அதே வானொலியில் இருந்தார்கள். சில்லையூர் செல்வராசன் 1967-ல் 'ஈழத்தில் தமிழ் நாவல் வளர்ச்சி' என்ற நூலை எழுதியவர். 1885-ல் சித்திலெப்பை எழுதிய 'அசன்பே சரித்திரம்' தொடக்கம் எங்கட நாவல் வந்த வழி அறிந்தவர். திரைப்படச் சுவடியாக அவர் எழுதின 'தணியாத தாகம்' வானொலித் தொடராகத்தான் சனங்களைப் பிடித்தது. அது கோமாளிக் கூத்து இல்லை, ஒரு குடும்பத்தின் துயரக் கதை. நாவலின் வரலாற்றை எழுதின கையே வானொலிக்கும் எழுதியது. அவருக்கு இரண்டும் தூரத்து உறவாகப் படவில்லை.

அந்தத் தொடரில் நடித்தவர்களில் ஒருவர் கே.எஸ். பாலச்சந்திரன். 1944-ல் கரவெட்டியில் பிறந்தவர். தனி ஆளாக பஸ் கொண்டக்டராகக் கதைத்துச் சிரிக்க வைத்த 'அண்ணை ரைற்' மூலம் பெயர் எடுத்தவர். 'வாத்தியார் வீட்டில்' வானொலித் தொடரை எழுதியவரும் அவர்தான். செங்கை ஆழியானின் நாவல் 1978-ல் 'வாடைக்காற்று' என்று படமானபோது அதிலும் நடித்தார். நெடுந்தீவுக் கரையில் வாடி போட வருகிற மீனவரின் கதை அது. பிறகு கனடாவுக்குப் போனார். 2014-ல் காலமாவதற்குச் சில வருசங்களுக்கு முன் ஒரு நாவலை வெளியிட்டார். பெயர் 'கரையைத் தேடும் கட்டுமரங்கள்'. மீன்பிடிச் சனங்களின் வாழ்க்கை.

சிரிப்புக் குரலாக எல்லாரும் அறிந்த ஒருவர், கடற்கரைச் சனங்களின் சீவியத்தை எழுத நாவலுக்குத்தான் போனார். வானொலியில் பல வருசம் குரல்களோடு புழங்கின பிறகு போனார். எங்கட ஏச்சுக்காரருக்கு நாங்கள் காட்டக்கூடிய நல்ல உதாரணம் இவர்தான். ஒலி அவருக்கு எழுத்தைத் தடுக்கவில்லை. அதே நேரம் அவருக்கு ஒலி மட்டும் போதவும் இல்லை.

ஏன் போதாது? ஒலிக்கதை முன்னுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு பாத்திரம் பேசாமல் இருந்தால் கேட்கிறவருக்கு அங்கே யாருமே இல்லை. கடலுக்குப் போனவர் திரும்பாத இரவில் வாசலில் இருக்கிற ஒரு மனிசியின் மௌனத்தை ஒலியில் கொஞ்ச விநாடிதான் வைத்திருக்கலாம். நாவலில் அவளோடு பத்துப் பக்கம் இருக்கலாம். இன்னொன்று, ஒலி அழியும். பழைய நாடாவை அழித்துப் புதிதாகப் பதிவது ஒரு காலத்தில் பிபிசி போன்ற பெரிய நிறுவனங்களிலேயே நடந்தது. புத்தகம் ஒரு பிரதி தப்பினாலும் போதும். 2005-ல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் பழைய ஈழத்து நூல்களை நாங்கள் போனில் வாசிக்கக்கூடியதாக இருப்பது அப்படித்தான்.

எங்கட கரையின் குரல்

இனி எங்கட ஊர்ப்பக்கம். மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர் என்ற நாலு பேரிலும் ஒருவர்கூட கற்பிட்டிக் கரைக்காரர் இல்லை. ஆனா இந்தக் கரை போல பல குரல் கேட்கிற இடம் நாட்டில் குறைவு. நீர்கொழும்பிலிருந்து சிலாபம் தாண்டி இங்கே வரைக்கும் உள்ள கத்தோலிக்க மீனவ ஊர்களில், தமிழில் செபம் சொன்ன குடும்பங்களின் அடுத்த தலைமுறைகள் பள்ளிக்கூடத்தின் வழியாகச் சிங்களத்துக்கு மாறின. பல தலைமுறையாக இங்கேயே இருக்கிற முஸ்லிம்களின் தமிழ் ஒரு பக்கம். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து புலிகள் வெளியேற்றிய 70,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் வந்து இறங்கியது புத்தளம் மாவட்டத்தில்தான். மன்னார்த் தமிழும் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களின் தமிழும் அவர்களோடு வந்தன. தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு வருகிற சனக்கூட்டத்துக்குள் கொஞ்ச நேரம் நின்றால் இரண்டு மொழியும் மாறி மாறிக் காதில் விழும்.

வெளி ஆக்களுக்குக் கண்டக்குழி என்றால் டொல்பின் பார்க்கப் போகிற படகும், சோளகக் காற்றில் பறக்கிற கைட்டும்தான். இங்கே ஒரு வீட்டுக்குள்ளேயே அம்மம்மா ஒரு மாதிரியும் பேரப்பிள்ளை இன்னொரு மாதிரியும் கதைப்பது படத்தில் வராது. அது குரலில்தான் வரும். குரல் ஆளோடு போய்விடும். ஒரு அம்மம்மா கண் மூடினால் அவவின் சொற்களில் சில அந்த வீட்டில் திரும்பக் கேட்காது.

அதனால்தான் நாவல் எழுத நினைக்கிற எங்களுக்குள் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். பொட்காஸ்ட் கேட்பதை விடமாட்டோம், ஆனா கேட்கிற விதத்தை மாற்றுவோம். கதை நல்லா இருந்தால் இரண்டாவது தரம் கேட்டு, பெயர் சொல்லாமலே ஆளை எப்படி அடையாளம் காட்டினார்கள் என்று குறித்து வைப்போம். எழுதின அத்தியாயத்தைச் சத்தமாக வாசித்துப் போனில் பதிந்து, எழுதாத ஒருவருக்குப் போட்டுக் காட்டுவோம். எல்லாப் பாத்திரமும் எங்களைப் போலவே கதைக்குதெண்டு அவர் சொன்னால் அந்த அத்தியாயம் திரும்ப எழுதப்படும்.

இன்னொரு வேலை, கொஞ்சம் அவசரமானது. வீட்டில் இருக்கிற மூத்த ஆக்களிடம் அனுமதி கேட்டு, அவர்கள் கதைப்பதைப் பதிந்து வைப்பது. பெரிய மைக் தேவையில்லை, போன் போதும். ஜெனரேட்டர் சத்தமும் கோழிச் சத்தமும் விழுந்தாலும் பரவாயில்லை. பதிவுக்குத் திகதியும் ஊரும் எழுதி, இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். அதில் ஒரு வசனம் பிறகு எங்கட நாவல் ஒன்றுக்குள் வரலாம். அப்படி வரும்போது, அந்தத் தமிழ் சிரிப்பு மூட்ட மட்டும் வந்ததாக இருக்கக் கூடாது.