குரங்கை வீட்டில் வளர்த்தல்

குரங்கை வீட்டில் வளர்த்தல் என்பது, கூட்டமாக வாழும் குரங்கை அதன் இனத்திடமிருந்து பிரித்தெடுத்து, கட்டிப் போட்டோ கூண்டில் அடைத்தோ செல்லப் பிராணியாக வைத்துக்கொள்வதைக் குறிக்கும். தமிழ்நாட்டுக் காடுகளிலும் ஊர்ப்புறங்களிலும் வாழும் குரங்குகளை இவ்வாறு வளர்ப்பது, 1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். ஆயினும் தாயை இழந்த குட்டியை இரக்கத்தால் எடுத்து வருவதும், பழகிய பின் விட மனமின்றி வைத்துக்கொள்வதும் இன்றும் நடக்கின்றன. எனவே இது சட்டத்தோடு முடியும் செய்தி அன்று. இரக்கம் எதுவரை செல்லலாம் என்னும் அறக்கேள்வியும் இதில் அடங்கியுள்ளது.

குரங்கும் அதன் கூட்டமும்

தமிழகச் சமவெளியில் கோயில்களிலும் குன்றுகளிலும் சாலையோரப் புளிய மரங்களிலும் காணப்படுவது குல்லாய்க் குரங்கு. நாட்டுக் குரங்கு என்றும் சொல்வர். உச்சந்தலை மயிர் குல்லாய் வைத்ததுபோல் படர்ந்திருப்பதால் இப்பெயர் வந்தது. தீபகற்ப இந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை. பாக் நீரிணைக் கரையில் உள்ள மணமேல்குடிக்கு வடகிழக்கே, அதே கடற்கரையில் அமைந்த வேதாரண்யம் கோடியக்கரைச் சரணாலயத்திலும் இவ்வினம் உண்டு.

பெண் குரங்குகள் பிறந்த கூட்டத்திலேயே வாழ்நாள் முழுவதும் இருக்கும். ஆண்கள் வளர்ந்ததும் வேறு கூட்டம் தேடிச் செல்லும். யார் பெரியவர், யாருக்கு விட்டுக்கொடுப்பது, எந்த மரம் எப்போது பழுக்கும், எந்த ஒலி ஆபத்தைக் குறிக்கும் என்பவற்றை எல்லாம் குட்டி கூட்டத்தில் இருந்துதான் கற்கிறது. ஒன்றுக்கொன்று மயிர் கோதிவிடுவதும் பேன் பார்ப்பதும் உடல் தூய்மைக்காக மட்டும் செய்பவை அல்ல. உறவு காக்கும் செயல்கள்.

சாலை விரிவாக்கத்துக்காக மரங்கள் வெட்டப்படுவதும், குரங்குகளைப் பிடித்து வேறிடத்தில் கொண்டுபோய் விடுவதும் இவ்வினத்தைக் குறைத்து வருகின்றன. மைசூர் வட்டாரத்தில் நடந்த நீண்டகால ஆய்வு, கால் நூற்றாண்டுக்குள் இவற்றின் எண்ணிக்கை பாதிக்கும் மேல் குறைந்துவிட்டதைக் காட்டியது. ஊரில் அடிக்கடி கண்ணில் படுவதால் ஏராளமாக இருப்பதுபோல் தோன்றினாலும், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் குல்லாய்க் குரங்கு அழிவாய்ப்புள்ள இனமாக உள்ளது.

குரங்குப் பிடி

பிறந்த குட்டி, தாயின் வயிற்று மயிரைக் கைகளாலும் கால்களாலும் இறுகப் பற்றிக்கொள்ளும். தாய் மரம் விட்டு மரம் தாவினாலும் அந்தப் பிடி தளராது. குரங்குப் பிடி என்று நாம் வழக்கில் சொல்வது இதிலிருந்து வந்தது. வைணவத்தில் வடகலையார் கூறும் மர்க்கட நியாயமும் இதையே உவமையாகக் கொள்கிறது: குட்டி தாயைப் பற்றுவதுபோல் உயிர் தானே முயன்று இறைவனைப் பற்ற வேண்டும் என்பது அதன் பொருள்.

தாயை இழந்த குட்டி, தன்னை எடுப்பவரின் சட்டையையும் அதே பிடியால்தான் பற்றுகிறது. வளர்ப்பவர் அதைத் தன்மீது கொண்ட பாசமாக உணர்கிறார். குட்டிக்கோ அது உயிர் பிழைப்பதற்கான பிடி. அமெரிக்க உளவியலாளர் ஹாரி ஹார்லோ 1950களில் செம்முகக் குரங்குக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துச் சோதனைகள் நடத்தினார். பால் தரும் கம்பிப் பொம்மையையும் பால் தராத துணிப் பொம்மையையும் வைத்தபோது, குட்டிகள் பால் குடித்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் துணிப் பொம்மையையே கட்டிக்கொண்டு கிடந்தன. தனிமையில் வளர்ந்தவை பின்னாளில் இனத்தோடு சேரவும், ஈன்ற குட்டியைப் பேணவும் தெரியாமல் போயின. கொடிய சோதனைதான், ஆனால் உணவும் உறைவிடமும் மட்டும் குரங்குக்குப் போதா என்பதை அது ஐயமின்றிக் காட்டிவிட்டது.

தமிழ் மரபில்

தொல்காப்பிய மரபியல் குரங்கின் ஆணுக்குக் கடுவன் என்றும் பெண்ணுக்கு மந்தி என்றும் தனிப்பெயர்களைப் பதிவு செய்துள்ளது. குறுந்தொகையின் 69ஆம் பாடலில், துணையை இழந்த மந்தி தன் குட்டியைச் சுற்றத்தாரிடம் ஒப்படைத்துவிட்டு மலைச்சாரலில் பாய்ந்து உயிர்விடுகிறது. குரங்குக்கும் கிளையும் கைம்மையும் குட்டியைப் பற்றிய கவலையும் உண்டு என்று அப்பாடலின் புலவர் கண்டார். இறந்த குரங்குக்கு மாலையிட்டு, ஊர்வலமாக எடுத்துச் சென்று அடக்கம் செய்யும் வழக்கம் தமிழ்நாட்டு ஊர்களில் இன்றும் உண்டு.

மறுபக்கமும் உண்டு. குரங்காட்டிகள் கழுத்தில் கயிறு கட்டித் தெருவில் ஆட வைத்தனர். கருங்குரங்கு லேகியத்துக்காக நீலகிரிக் கருமந்திகள் கொல்லப்பட்டன. குரங்குகளின் உறவினமான தேவாங்கைச் சோதிடத்துக்கும் மாந்திரீகத்துக்கும் பிடித்தனர். அந்தத் தேவாங்குக்காகக் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்ச் சரணாலயம் 2022இல் அறிவிக்கப்பட்டது. இவ்வகையில் இந்தியாவின் முதல் சரணாலயம் அது.

சட்ட நிலை

வனவுயிரினச் சட்டத்தில் வேட்டை என்பது கொல்வதை மட்டும் குறிப்பதில்லை. பிடிப்பதும் பொறிவைப்பதும் அதில் அடங்கும். காட்டு விலங்கு அரசின் உடைமை. எவ்வழியிலேனும் அது கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 39ஆம் பிரிவு. 2022இல் நிறைவேறி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், குல்லாய்க் குரங்கை முதல் அட்டவணையில் சேர்த்தது. அந்த அட்டவணை விலங்குகளை வேட்டையாடுவோருக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத்தண்டனையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு.

குரங்கு, கரடி, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கி வித்தை காட்டுவதை மத்திய அரசு 1998இல் தடை செய்தது. உச்ச நீதிமன்றம் 2001இல் அத்தடையை உறுதி செய்தது. தென் அமெரிக்காவின் மார்மோசெட், டாமரின் போன்ற சிறு குரங்குகள் பயணிகளின் பெட்டிகளில் மறைத்துக் கொண்டுவரப்பட்டுச் சென்னை விமான நிலையத்தில் பலமுறை பிடிபட்டுள்ளன. காட்டுயிர் வணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையில் இடம்பெற்ற அயல்நாட்டு விலங்குகளை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்று 2024இல் விதிகள் வந்தன. இங்கிலாந்தும் அதே ஆண்டில், உயிரியல் பூங்காவுக்கு இணையான வசதி உள்ளவர் மட்டுமே உரிமம் பெற்றுக் குரங்கு வைத்திருக்கலாம் என்று விதி செய்தது.

சோளிங்கர்க் குட்டி வழக்கு

இரக்கம் எதுவரை செல்லலாம் என்னும் கேள்வி தமிழ்நாட்டில் கூர்மையாக எழுந்தது 2024இல். முந்தைய ஆண்டு டிசம்பரில், இராணிப்பேட்டை மாவட்டம் சோளிங்கரில் நாய்கள் கடித்துக் குதறிய குரங்குக் குட்டி ஒன்று, கோவையைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் ஒருவரிடம் சிகிச்சைக்கு வந்தது. அவர் பத்து மாதம் உடன் வைத்துப் பேணினார். 2024 அக்டோபரில் வனத்துறை அதைப் பெற்று வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் சேர்த்தது. குட்டி முழுமையாகத் தேறும்வரை தன்னிடம் ஒப்படைக்கக் கோரி மருத்துவர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். பூங்காவுக்குச் சென்று குட்டியைப் பார்க்க நீதிமன்றம் அவரை முதலில் அனுமதித்தது. பின்னர், நவம்பரில், ஒப்படைக்கக் கோரிய மனுவை ஏற்க மறுத்தது.

அந்த மருத்துவரின் அன்பை யாரும் குறை சொல்ல முடியாது. அவர் இல்லையேல் குட்டி பிழைத்திருக்காது. ஆனால் காப்பாற்றியவருக்கே அந்த உயிர் உரிமையாகிவிடுமா என்பதே வழக்கின் உட்கேள்வி. காப்பாற்றுதல் ஒரு கடமை. வைத்துக்கொள்ளுதல் வேறொரு முடிவு. முதலாவது இரண்டாவதற்கு உரிமை தருவதில்லை.

ஆதரவு வாதங்களும் மறுமொழிகளும்

நாயையும் பூனையையும் வளர்க்கலாம் என்றால் குரங்கை ஏன் வளர்க்கக் கூடாது என்பது முதல் வாதம். நாய் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதரோடு வாழ்ந்து, தலைமுறை தலைமுறையாக உடலும் குணமும் மாறிய விலங்கு. குரங்கில் அந்த மாற்றம் நிகழவே இல்லை. வீட்டில் பிறந்த குட்டியும் காட்டு விலங்கே.

நன்றாகச் சாப்பாடு போட்டுப் பிள்ளைபோல் வளர்க்கிறோம் என்பது இரண்டாம் வாதம். பிள்ளை வளர்ந்து தன் வாழ்வைத் தேடிப் போகும். கயிற்றில் கட்டிய குரங்கு போக முடியாது. குட்டிப் பருவம் இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடும். குரங்கோ இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். பருவமடைந்த கடுவன் வீட்டாரிடமே மேலாண்மை கொள்ள முயலும், கடிக்கும். அப்போது கோரைப் பல்லைப் பிடுங்குவதும் இடுப்பில் சங்கிலி இடுவதும் தொடங்குகின்றன. வளரும் உடலில் இறுகிய கயிறு தசைக்குள் புதைந்துபோவதும் உண்டு.

வெளியே விட்டால் செத்துவிடும் என்பது மூன்றாம் வாதம். பழகிய குரங்கைத் தனியே விடுவது ஆபத்து என்பது உண்மையே. வேற்றுக் கூட்டம் அதை அடித்து விரட்டும். ஆனால் அதற்கு வழி தன் இனத்தோடு சேர்த்துப் பழக்கும் மறுவாழ்வுதான். வீட்டில் வைத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்த வாய்ப்பைக் குறைக்கிறது.

நோய் அபாயம்

குரங்கும் மனிதரும் நெருங்கிய உறவினர் என்பதால் நோய்கள் இருபக்கமும் தாவும். மனிதரின் காசநோய் குரங்கைக் கொல்லக்கூடும். குரங்குக் கடியால் வெறிநோய் வரலாம். ஆகவே கடித்த இடத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட வேண்டும். பிஸ்கட், பால், இனிப்பு ஆகியவற்றால் குரங்குக்குப் பல் சொத்தையும் உடல் பருமனும் நீரிழிவும் உண்டாகின்றன.

மணமேல்குடிக் கரையின் முன்மாதிரி

காட்டுயிரை எப்படி நேசிப்பது என்பதற்கு மணமேல்குடிக் கடற்கரையிலேயே சான்று உள்ளது. அதிராம்பட்டினம் முதல் மணமேல்குடி வட்டத்தின் அம்மாபட்டினம் வரையிலான 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு, 2022 செப்டம்பரில் இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆவுளியா என்று மீனவர் அழைக்கும் கடற்பசு வலையில் சிக்கினால், வலையை அறுத்துக் கடலில் விடும் மீனவர்களை வனத்துறை வெகுமதி அளித்துப் பாராட்டுகிறது. வலை போனால் அவர்களுக்குப் பிழைப்பில் இழப்பு. ஆனாலும் அந்த உயிரைக் கரைக்குக் கொண்டுவர அவர்கள் எண்ணுவதில்லை. அது கடலைச் சேர்ந்தது. கரையில் குரங்குக்கும் அதே நீதி பொருந்தும்.

குட்டி கிடைத்தால்

தனியே கிடக்கும் குட்டியைக் கண்டவுடன் தூக்கிவிடக் கூடாது. தாய் அருகிலேயே மரத்தில் இருக்கலாம். மனிதர் விலகினால் வந்து எடுத்துக்கொள்ளும். நாய்களை விரட்டி, எட்ட நின்று சில மணி நேரம் காக்க வேண்டும். தாய் இறந்திருந்தாலோ குட்டி அடிபட்டிருந்தாலோ துணியில் பொதிந்து சூடு குறையாமல் வைத்துக்கொண்டு, உடனே வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மணமேல்குடிப் பகுதியினர் அறந்தாங்கி வனச்சரக அலுவலகத்தையோ ஊர்க் காவல் நிலையத்தையோ அணுகலாம். பெயர் வைத்தல், குழந்தைகளோடு விளையாட விடுதல், படம் எடுத்துப் பரப்புதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். அப்படங்கள் பிறருக்கும் வளர்க்கும் ஆசையைத் தூண்டுகின்றன.

நம் சட்டையைப் பற்றிய அந்தச் சிறு கையை மெல்ல விடுவித்து, அதன் இனத்தின் மடியில் சேர்ப்பதே குரங்குக்கு நாம் செய்யக்கூடிய முழுமையான அன்பு.