டிராக்டர் மீட்டர் போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்குகள்: எதற்கு உடனே நிறுத்த வேண்டும்?

உழவு நடக்கும்போது மீட்டர் போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தால், "இன்னும் இரண்டு சால்தான், முடித்துவிட்டுப் பார்க்கலாம்" என்று ஓட்டுபவர்கள் பலர். ஆயில் விளக்கு எரியும்போது அந்த இரண்டு சாலிலேயே எஞ்சின் ஜாம் ஆகிவிடலாம். பருவத்தில் டிராக்டர் நின்றால் செலவோடு விதைப்பும் தள்ளிப்போகும். எனவே எந்த விளக்குக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை உழவர்கள் அறிந்திருப்பது அவசியம்.

நிறம் சொல்லும் செய்தி

• சிவப்பு: உடனே நிறுத்துங்கள்.
• மஞ்சள் அல்லது ஆரஞ்சு: அன்றே கவனியுங்கள்.
• பச்சை, நீலம்: இண்டிகேட்டர், ஹெட்லைட் போன்றவை வேலை செய்வதைக் காட்டுபவை. பயம் வேண்டாம்.

ஆயில் விளக்கு (சொட்டு விழும் எண்ணெய்க் குவளை படம்)

இது ஆயிலின் அளவை அல்ல, அழுத்தத்தைக் காட்டுகிறது. அழுத்தம் இல்லையென்றால் பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேராது.

1. உடனே எஞ்சினை நிறுத்துங்கள். வரப்பு வரை ஓட்டிச் செல்ல வேண்டாம்.
2. பத்து நிமிடம் கழித்து, டிராக்டர் சமதளத்தில் இருக்கும் நிலையில் ஆயில் அளவுக் கம்பியைத் துடைத்துச் செருகிப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கு இடையில் ஆயில் இருக்க வேண்டும்.
3. குறைந்திருந்தால், கையேட்டில் சொன்ன ஆயிலை ஊற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். சில நொடிகளில் விளக்கு அணையாவிட்டால் மீண்டும் நிறுத்திவிடுங்கள்.
4. அளவு சரியாக இருந்தும் எரிந்தால் ஃபில்டர் அடைப்பு, ஆயில் பம்ப் பழுது அல்லது சென்சார் கோளாறாக இருக்கலாம். மெக்கானிக் பார்க்கும்வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது.
5. ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. எஞ்சினை இயக்க வேண்டாம்.

வெப்ப முள் சிவப்புக்குப் போனால்

ரோட்டவேட்டர், கதிரடிக்கும் வேலைகளில் தூசியும் சருகும் ரேடியேட்டரை அடைப்பதே பெரும்பாலும் காரணம். பிடிஓவை விடுவித்து, சுமையில்லாமல் சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்துங்கள். ஆவி வந்தாலோ, முள் மேலும் ஏறினாலோ உடனே நிறுத்த வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். நன்றாக ஆறிய பிறகே திறந்து, கூலண்ட் ஊற்றுங்கள். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். காற்றால் குளிரும் எஞ்சின்களில் ரேடியேட்டர் கிடையாது. எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளைச் சுத்தம் செய்யுங்கள்.

பேட்டரி விளக்கு

சார்ஜ் ஏறவில்லை என்று பொருள். "வெளிச்சம்தானே குறையும்" என்று விட்டுவிடாதீர்கள். பல டிராக்டர்களில் ஒரே ஃபேன் பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்தால் முதலில் பேட்டரி விளக்கு எரியும்; பின்னாலேயே எஞ்சின் கொதிக்கும். நிறுத்தி பெல்ட்டைப் பாருங்கள். கூடுதலாக ஒரு பெல்ட் டூல் பாக்ஸில் இருக்கட்டும்.

மற்ற விளக்குகள்

• ஏர் ஃபில்டர்: அடைப்பு இருந்தால் கரும்புகை வரும், இழுவை குறையும். ஆயில் தொட்டி வகையில் ஆயிலை மாற்றுங்கள். உலர் வகையில் தூசியை அகற்றுங்கள் அல்லது ஃபில்டரை மாற்றுங்கள்.
• டீசலில் தண்ணீர்: ஃபில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடித்துவிடுங்கள்.
• டீசல் குறைவு: முற்றிலும் தீர்ந்தால் குழாயில் காற்று புகுந்துவிடும். காற்றை வெளியேற்றினால்தான் ஸ்டார்ட் ஆகும்.
• எஞ்சின் படம்: 2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்குக் கடுமையான புகை விதிகள் வந்துள்ளன. இவற்றில் பல மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்குபவை. இந்த விளக்கு எரிந்தால் வயர்களைப் பிரிக்காமல் சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள்.

தினமும் ஒரு நிமிடச் சோதனை

காலையில் சாவியைத் திருப்பியதும், ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில், பேட்டரி விளக்குகள் எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியாவிட்டால் பல்போ வயரோ பழுதாகியிருக்கிறது. அப்படியானால் ஆயில் இல்லாமல் ஓடினாலும் உங்களுக்குத் தெரியாது. அதைச் சரிசெய்த பிறகே வயலுக்குள் இறங்குங்கள். டிராக்டரை ஓட்டுநரிடம் ஒப்படைப்பவர்கள், சிவப்பு விளக்கு எரிந்தால் யாரையும் கேட்காமல் நிறுத்தலாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.