செப்புத் தகடும் கோப்பி மலையும்

1862-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளன்று பாரிஸ் மாநகரின் ரிஷ்லியே தெருவிலிருந்த கடையொன்றிலிருந்து மெல்லிய சித்திர ஏடு ஒன்று வெளிவந்தது. அதில் ஐந்தே படங்கள். வெளியிட்டவர் அல்பிரட் கடார் என்னும் வணிகர். வரைந்தவர் பிராக்மோன், டோபிஞி, லெக்ரோ, மனே, ரிபோ என்னும் ஐவர். இவர்களுள் மனேயின் பெயர் பிற்காலத்தில் உலகெங்கும் பரவியது. ஆயினும் இலங்கை மலைநாட்டின் வரலாற்றை ஆராய்வோர் மனங்கொள்ள வேண்டிய பெயர் அதுவன்று. ஐவருள் மூன்றாமவரான அல்போன்ஸ் லெக்ரோவின் பெயரே. கோப்பித் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் அச்சேறிய படங்களில் எவ்வாறு காட்டப்பட்டனர், யாருடைய கையால் காட்டப்பட்டனர் என்று ஆராயப் புகுவோரை அப்பெயர் எதிர்கொள்ளும்.

கடார் வெளியிட்டவை ஆங்கிலத்தில் 'எட்சிங்' என வழங்கும் செப்புத் தகட்டுச் செதுக்கோவியங்கள். வழவழப்பாக்கிய செப்புத் தகட்டின்மீது மெழுகும் பிசினும் கலந்த பூச்சொன்றைத் தடவி, புகையிற் காட்டிக் கருமையாக்குவர். ஓவியர் கூரிய ஊசியால் அப்பூச்சின்மீது வரைவார். ஊசி சென்ற இடமெல்லாம் செம்பு வெளிப்படும். பின்னர்த் தகட்டைத் திராவகத்தில் இட்டால் வெளிப்பட்ட கோடுகளை மட்டும் அது அரித்துக் குழியாக்கும். மெல்லிய கோடு வேண்டுமெனில் விரைவில் எடுத்துவிடுவர். ஆழ்ந்த நிழல் வேண்டுமெனில் நீண்ட நேரம் ஊறவிடுவர். பூச்சை நீக்கி, குழிகளில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரமான தாளை மேலே வைத்து உருளை அச்சில் அழுத்தினால் படம் தாளில் இறங்கும். பாரிஸில் இக்கலையில் வல்லவராயிருந்த அச்சாளர் ஒகுஸ்த் தெலாத்ர், மையை முற்றும் துடையாது மெல்லிய படலமாக விட்டு, அந்தி ஒளியையும் மூடுபனியையும் தாளில் கொண்டுவர வல்லவர்.

இம்முறை புதியதன்று. பதினேழாம் நூற்றாண்டிலேயே ரெம்பிராண்ட் இதன் உச்சத்தைத் தொட்டவர். ஆயின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செதுக்குவோரின் பிழைப்பு பெரும்பாலும் பிறர் தீட்டிய ஓவியங்களைப் படியெடுப்பதாகவே இருந்தது. அப்பிழைப்பிலும் புகைப்படக் கருவி கைவைத்தது. படியெடுக்கும் வேலையைப் பொறி செய்யத் தொடங்கியபின், மனிதனின் கைக்கு எஞ்சியது யாது என்ற வினா எழுந்தது. கடார் நிறுவிய செதுக்கோவியர் கழகம் அதற்கு அளித்த விடை மிக எளியது: கண்டவனே வரைய வேண்டும், வரைந்தவனே தகட்டில் செதுக்க வேண்டும், இடையே வேறொரு கை கூடாது. கழகத்தின் முதல் தொகுதிக்கு முன்னுரை எழுதிய கவிஞர் கொத்தியே, புகைப்படத்தின் பொறித்தன்மைக்கு எதிராகவே இக்கழகம் தோன்றியது என்பதை மறைக்கவில்லை.

கழகம் மாதந்தோறும் ஐந்து படங்களாக ஐந்தாண்டுகள் வெளியிட்டது. கணக்கிட்டால் முந்நூறு. கடார் படங்களை விற்றதோடு நில்லாது செப்புத் தகடு, ஊசி, கையடக்கமான சிறு அச்சு ஆகியவற்றையும் விற்றார். வீட்டிலிருந்தே எவரும் செதுக்கலாம் என்று ஊக்கினார். 1866-இல் அமெரிக்கா வரை சென்று இக்கலையைப் பரப்ப முயன்றார். ஆர்வம் மிகுந்த வணிகருக்கு வழக்கமாக நேர்வதே அவருக்கும் நேர்ந்தது: 1867-இல் கழகம் கலைந்தது. எனினும் அவர் ஓய்ந்தாரல்லர். 1875-இல் இறக்கும்வரை வெளியிட்டுக்கொண்டேயிருந்தார்.

இவ்வியக்கத்தோடு சேர்த்து எண்ணத்தக்க மற்றொருவர் ஜான் பிரான்சுவா மிலே. நார்மண்டி நாட்டு உழவர் குடியிற் பிறந்து, உழவரோடு உழவராய் வளர்ந்த இவர், கதிர் பொறுக்கும் பெண்களையும் நிலம் கொத்தும் ஆண்களையும் வண்ணத்தில் தீட்டியதோடு செப்புத் தகட்டிலும் செதுக்கினார். குனிந்த முதுகுகள் அப்படங்களில் வேடிக்கைப் பொருளல்ல. கொத்துபவனின் களைப்பு கொத்தியறிந்தவனின் கோட்டில் விழுந்திருக்கிறது. லெக்ரோவும் இத்தகையவரே. டிஜோன் நகரிற் பிறந்து, சிறுவயதில் வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழிலைப் பயின்ற அவர், பிச்சைக்காரரையும் மரம் வெட்டுவோரையும் வழிபாட்டில் ஆழ்ந்த ஏழை மூதாட்டியரையும் ஆயுள் முழுவதும் செதுக்கினார்.

இதே காலத்தில் இலங்கையின் மலைநாட்டில் நிகழ்ந்தது யாது? காடுகள் எரிந்துகொண்டிருந்தன. கண்டிக்கு மேற்கிலும் தெற்கிலுமாகத் தொடங்கிய கோப்பிப் பயிர் டிம்புள, டிக்கோயாப் பள்ளத்தாக்குகள் வரை ஏறியது. தமிழ்நாட்டின் வறண்ட ஊர்களிலிருந்து வந்த ஆண்களும் பெண்களும் மன்னார்க் கரையில் இறங்கி, நீரற்ற காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். காய்ச்சலும் வாந்திபேதியும் வழியெங்கும் உயிர்களைக் கொண்டன. மலை ஏறியவர் காட்டை அழித்தனர், கான் வெட்டினர், பாதை அமைத்தனர், கோப்பிப் பழம் பறித்தனர். மிலே செதுக்கிய குனிந்த முதுகுகளுக்கு இவர்களின் முதுகுகள் எவ்வகையிலும் குறைந்தனவல்ல. அவற்றைச் செதுக்கக் கை மட்டுமே இல்லை.

படங்கள் இல்லாமற் போகவில்லை என்பதையும் கூறவேண்டும். சாமுவேல் டானியல் 1808-இலேயே இலங்கைக் காட்சிகள் பன்னிரண்டினைச் செப்புத் தகட்டுப் படங்களாக இலண்டனில் வெளிவரச் செய்தார். அது கோப்பிக்கு முந்திய இலங்கை. யானையும் மானும் தென்னையுமே அதில் மிகுதி. பின்னர்க் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட், 1859-இல் இலங்கையைப் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டபோது, பெல்பாஸ்ட் நகரத்து ஓவியர் அன்ட்ரூ நிக்கொல் இங்கிருந்து வரைந்து சென்ற காட்சிகள் அதற்கு உதவின. நிக்கொல் கொழும்புக் கல்விக்கழகத்தில் சித்திரம் கற்பித்தவர். இலங்கையை நேரிற் கண்டவர். ஆனால் நூலில் அச்சேறியவை மரச்செதுக்குகள்.

மரச்செதுக்கு முறையின் இயல்பை இங்கே சிறிது நின்று நோக்குதல் வேண்டும். இலண்டனின் சித்திர வார இதழ்கள் அனைத்தும் இம்முறையையே கையாண்டன. நிகழிடத்தில் ஒருவர் விரைந்து கிறுக்கிய குறிப்புப் படம் கப்பலேறி இலண்டன் சேரும். அங்கே மற்றொருவர் அதனை மரக்கட்டையின்மீது திருத்தி வரைவார். பெரிய படமாயின் பல சிறு கட்டைகளைத் திருகாணியால் இணைத்திருப்பர். அவற்றைப் பிரித்துப் பல செதுக்குநரிடம் கொடுப்பர். ஒருவர் வானத்தைச் செதுக்க, ஒருவர் மரங்களைச் செதுக்க, மற்றொருவர் மனிதரைச் செதுக்குவார். பின்னர்க் கட்டைகளை மீண்டும் இணைத்து அச்சிடுவர். விரைவுக்கு இதனை விஞ்சிய முறை அந்நாளில் இல்லை. ஆயின் டிக்கோயாத் தோட்டத்துத் தொழிலாளி ஒருவனின் முகத்தை இறுதியாகச் செதுக்கியவன், தமிழன் ஒருவனையேனும் வாழ்நாளிற் கண்டிராதவனாக இருக்கக்கூடும். தலைப்பாகை இருக்கும், கறுத்த உடல் இருக்கும், முகம் எவருடையதுமாயிராது. பாரிஸ் கழகத்தினர் விலக்க முயன்ற 'இடைக் கை' என்பது இதுவே.

கொழும்பிலேயே அச்சேறிய படங்களின் நிலை வேறு. 1869-இல் 'முனியாண்டி' என்னும் ஆங்கில நகைச்சுவை இதழ் அங்கே தோன்றியது. இலண்டனின் 'பஞ்ச்' இதழைப் பின்பற்றிய அதன் கேலிச் சித்திரங்களை வரைந்தவர் பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்த ஜே. எல். கே. வான்டோர்ட். கொழும்பு வாழ்வையும் பல சமூகத்தாரின் உடை நடைகளையும் நேரே கண்டு வரைந்த இந்நாட்டுக் கலைஞர் அவர். அந்நூற்றாண்டின் இலங்கையை அறிய அவர் படங்கள் பெருந்துணை புரிகின்றன. எனினும் இதழின் பெயரை நோக்குக. முனியாண்டி என்பது தோட்டத் தமிழர் ஊரிலிருந்து நெஞ்சிற் சுமந்துவந்து மலையடிவாரத்தில் வைத்து வணங்கிய காவல் தெய்வம். ஆங்கிலம் படித்த கொழும்பு வாசகருக்கு அது நகைப்புக்குரிய பெயராயிற்று. தெய்வத்தின் பெயர் அச்சேறியது. வணங்கியவர் அதனைப் படிக்கும் நிலையில் இல்லை. அதே 1869-இல் மடுல்சீமைத் தோட்டமொன்றில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் புள்ளிகள் காணப்பட்டன. பின்வந்த ஆண்டுகளில் கோப்பிப் பயிரையே அழித்த இலைநோய் அவ்வாறுதான் தொடங்கியது.

அவ்வழிவு முற்றிக்கொண்டிருந்த வேளையில், 1881-இல், 'இலங்கைக் காட்சிகள்' என்னும் பொருள்படும் பெயரோடு இலண்டனில் ஒரு நூல் வெளிவந்தது. அதன் ஆசிரியர் இருவர்: வெரெக்கர் ஹமில்ட்டன், ஸ்டுவர்ட் பாசன். ஹமில்ட்டன் கோப்பித் துரையாக மலைநாட்டில் வாழ்ந்தவர். பிற்காலத்தில் கலிப்போலிப் போரில் படை நடத்திய இயன் ஹமில்ட்டனின் உடன்பிறந்தார். தோட்டத் துரையின் அன்றாட வாழ்வை நகைச்சுவையோடு காட்டும் நூல் அது. வரைந்தவர் மலைநாட்டை அறிந்தவர். மழையையும் அட்டையையும் பெரட்டுக்களத்தையும் கண்ணாற் கண்டவர். 'கண்டவனே வரைய வேண்டும்' என்னும் விதியின் முதற் பாதி இங்கே நிறைவேறியது. ஆயின் கண் துரையின் கண். பங்களா விறாந்தையிலிருந்து பார்ப்பவருக்கு லயத்து மனிதர் தொலைவிலேயே தெரிவர்.

அடுத்து நிகழ்ந்ததே இவ்வரலாற்றின் வியப்பான பகுதி. கோப்பித் தொழிலைக் கைவிட்ட ஹமில்ட்டன், ஓவியம் கற்க இலண்டனின் சிலேடு கலைப் பள்ளியிற் சேர்ந்தார். அங்கே பேராசிரியராயிருந்தவர் அல்போன்ஸ் லெக்ரோ. 1863-இல் இங்கிலாந்திற் குடியேறிய லெக்ரோ, 1876 முதல் 1892 வரை அப்பள்ளியில் ஆசிரியப் பணி புரிந்தார். ஆங்கிலம் அவருக்குச் சரளமாக வராது. ஆகவே பேசிக் கற்பிப்பதைவிட, மாணவர் சூழ்ந்து நிற்க ஓர் முகத்தைத் தம் கையாலேயே தீட்டிக் காட்டுவது அவர் வழக்கம். பாரிஸின் முதல் ஏட்டில் ஊசி பிடித்த கையும் கோப்பி மலையை வரைந்த கையும் இவ்வாறு ஒரே கூடத்தில் சந்தித்தன.

அச்சந்திப்பு மலைநாட்டுக்குப் பயன்பட்டதா என வினவுவோர்க்கு விடை ஏமாற்றமே. தேர்ச்சி பெற்ற ஹமில்ட்டன் போர்க்கள ஓவியராகப் புகழ்பெற்றார். டில்லி காஷ்மீர வாயில் முற்றுகை முதலியவை அவர் எடுத்துக்கொண்ட பொருள்கள். ஏழையரின் முகங்களைச் செதுக்கிய ஆசானிடம் பயின்றவர், முகத்துக்கு முகம் கண்ட தொழிலாளரிடம் திரும்பாது படைவீரரிடம் சென்றார். இதற்காக அவரைக் குறைகூறுதல் முறையன்று. ஓவியம் வாங்குவோர் இலண்டனில் இருந்தனர். அவர்கள் வேண்டியது வெற்றிக் காட்சி. மிலேயையும் ஹமில்ட்டனையும் பிரிப்பது திறமை மட்டுமன்று, பிறந்த குடியும்தான்.

கோப்பி மறைந்து தேயிலை பரவிற்று. 1884-இல் புகையிரதம் ஹற்றனை அடைந்தது. மறு ஆண்டில் நானுஓயாவை அடைந்தது. 1890-இல் லிப்டன் மலைநாட்டிற் தோட்டங்களை வாங்கினார். அதன்பின் கொழுந்துக் கூடையோடு நிற்கும் தமிழ்ப் பெண்ணின் உருவம் வண்ணக் கல்லச்சில் விளம்பரத் தாளிலும் தேயிலைத் தகரத்திலும் ஏறி உலகைச் சுற்றியது. கடாரின் ஏடுகள் சில நூறு கைகளிலே தவழ்ந்தவை. இவ்வுருவமோ இலட்சக்கணக்கான அடுக்களைகளை அடைந்தது. அப்பெண் எப்பொழுதும் புன்னகைக்கிறாள், மழையில் நனைவதில்லை, அட்டை அவள் காலை நாடுவதில்லை.

இவ்வளவிற்கும் விலக்காக ஒருவரைக் கூறலாம். அவர் கைக்கொண்டது செப்புத் தகடன்று. செதுக்கோவியர் பகைத்த அதே புகைப்படக் கருவி. ஜூலியா மார்கரட் கமரோன் என்னும் அம்மையார் தம் நாற்பத்தெட்டாம் வயதில் புகைப்படக் கலையைத் தொடங்கி, டெனிசன், டார்வின் முதலிய பெருமக்களின் முகங்களைப் பதித்தவர். தம் படங்களைப் பதிவு செய்து, கலைப் பொருளாகவே இலண்டன் வணிகர் வழியே விற்றவர். கடார் செம்பிற்குக் கோரிய மதிப்பை இவர் கண்ணாடித் தகட்டிற்குக் கோரினார் எனலாம். இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் வைத்திருந்த கணவரோடு 1875-இல் இங்கு வந்து சேர்ந்தார். இங்கே அவர் எடுத்து எஞ்சியுள்ள படங்கள் முப்பதிற்கும் குறைவு. பெரும்பாலானவை களுத்துறை இல்லத்தில் எடுத்தவை. ஊர்மக்களும் தோட்டத் தொழிலாளரும் அவற்றில் இருக்கின்றனர்.

அக்கால முறையில் ஈரத் தகட்டில் படம் பதிய, எதிரே நிற்பவர் பல விநாடிகள் அசையாதிருத்தல் வேண்டும். டார்வினை அவ்வாறு நிறுத்திய அதே அம்மையார் கூலிப் பெண்ணையும் அவ்வாறே நிறுத்தினார். தலைப்பாகையும் கறுத்த உடலும் மட்டுமன்றி, நேரே நோக்கும் கண்களும் தாளில் இறங்கின. அந்நோக்கில் பணிவு உண்டு. சிலவற்றில் சலிப்பும் உண்டு. புன்னகை அரிது. அம்மையாரின் கட்டளைக்கு அவர்கள் மறுப்புக் கூறியிருக்க இயலுமா என்பது தனி வினா. ஆயினும் முகம் முகமாகவே கிடைத்திருக்கிறது.

கமரோன் அம்மையார் 1879 சனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள தோட்டமொன்றில் காலமானார். ஹற்றனிலிருந்து நோர்வூட் வழியாகச் செல்லும் பாதையில், பொகவந்தலாவைப் புனித மரியாள் தேவாலய முற்றத்தில், மறு ஆண்டு இறந்த கணவரோடு அவர் கல்லறை அமைந்துள்ளது. கல்லில் பெயர் பொறித்திருக்கிறது. தேடி வருவோரும் உளர். அவர் எடுத்த டெனிசன் படத்தின் கீழே டெனிசன் என்றும், டார்வின் படத்தின் கீழே டார்வின் என்றும் அரும்பொருட்சாலைப் பட்டியல்கள் குறிக்கின்றன. இலங்கைப் படங்களின் கீழே 'இளம் பெண், இலங்கை' என்றும் 'தோட்டத் தொழிலாளி' என்றும் குறித்திருக்கின்றன.