இசையாசிரியனின் தன்னாய்வு: டல்குரோஸின் ஜெனீவா அனுபவம்

இசைக்கல்வியின் வரலாற்றை நோக்குமிடத்து, அதன் திருப்பங்கள் பல ஆசிரியர்களின் வகுப்பறைகளிலேயே தோன்றியிருத்தலைக் காணலாம். மாணவன் பாடத்தை விளங்கிக்கொள்ளத் தவறும்போது ஆசிரியன் முன்னே இரு வழிகள் உள. மாணவனிடத்துத் திறமையில்லை எனத் தீர்ப்புக் கூறி அடுத்த பாடத்துக்குச் செல்லுதல் ஒன்று. தான் கற்பித்த முறையையே ஐயத்துக்குட்படுத்தி ஆராய்தல் மற்றொன்று. முதலாவது எளிது. இரண்டாவதோ ஆசிரியனின் தன்மதிப்பையும், சிலவேளை அவனது தொழில் நிலையையும் சோதனைக்குள்ளாக்க வல்லது. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த எமில் ஜாக் டல்குரோஸ் இரண்டாவது வழியைத் தேர்ந்தவர்.

1865ஆம் ஆண்டு வியன்னாவிற் சுவிஸ் பெற்றோருக்குப் பிறந்த டல்குரோஸ், 1875இற் குடும்பத்தோடு ஜெனீவாவுக்கு வந்து அந்நகர இசைக்கல்லூரியிற் பயின்றார். பின்னர் பாரிசிலும் வியன்னாவிலும் உயர் பயிற்சி பெற்றார். பாரிசில் மத்தீஸ் லுசி என்னும் அறிஞரின் லயம் பற்றிய ஆய்வுகள் அவரைக் கவர்ந்தன. 1886இல் அல்ஜியேர்ஸ் நகர அரங்கொன்றிற் பணியாற்றியபோது அராபிய இசையின் தாள அமைப்புகளைக் கேட்கும் வாய்ப்பும் கிட்டியது. இத்தகைய பின்னணியோடு 1892ஆம் ஆண்டில், தமது இருபத்தேழாவது வயதில், ஜெனீவா இசைக்கல்லூரியில் ஹார்மனிப் பேராசிரியராக நியமனம் பெற்றார்.

ஹார்மனி என்பது ஒரே வேளையில் ஒலிக்கும் பல சுரங்களின் இணைவை ஆராயும் இயல். ஐரோப்பிய இசையின் அடிப்படைகளுள் ஒன்றாகிய இதனை அக்காலத்துக் கல்லூரிகள் பெரும்பாலும் எழுத்துப் பயிற்சியாகவே கற்பித்தன. எச்சுரக்கூட்டின் பின் எச்சுரக்கூட்டு வரலாம், எது வரலாகாது என்னும் விதிகளை மனனஞ் செய்த மாணவர், கணக்குச் செய்வார்போலத் தாளிலே விடைகளை நிரப்பினர். விதிகளுக்கமைய எழுதினோர் தேர்விற் சித்தியெய்தினர். ஆயின், எழுதப்பட்ட அச்சுரக்கூட்டு எவ்வாறு ஒலிக்கும் என்பதை அவர்களுட் பலரால் அகச்செவியிற் கேட்க இயலவில்லை. இதனைப் புதிய பேராசிரியர் தமது வகுப்பிலேயே கண்டுகொண்டார்.

இக்குறையை மாணவர்மேற் சுமத்தாது பாடத்தின் ஒழுங்குமுறையிலே அவர் தேடினார் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. ஒலியனுபவம் முதலிலும் அதனைக் குறிக்கும் விதி பின்னரும் வரவேண்டியிருக்க, கல்லூரியில் அவ்வொழுங்கு தலைகீழாயிருந்தது என்பதே அவர் கண்ட முடிவு. ஆகவே எழுதுவதற்கு முன்னர் கேட்டல், கேட்டதைப் பாடுதல், சுரங்களின் இடைவெளிகளைச் செவியால் இனங்காணல் ஆகிய பயிற்சிகளைப் புகுத்தினார். 1898ஆம் ஆண்டளவில் இசைக்கல்வியும் செவிப்பயிற்சியும் பற்றி அவர் எழுதிய கட்டுரை, வகுப்பறை அவதானங்களைப் பொதுக்கொள்கையாக வளர்க்கும் அவரது முயற்சிக்குச் சான்றாகும்.

செவிப்பயிற்சி பயனளித்தது. ஆயினும் அதுவே மற்றொரு குறையையும் வெளிப்படுத்திற்று. சுரத்தானங்களைத் தவறின்றி அறிந்த மாணவர் சிலர், காலப்பிரமாணத்திலே தடுமாறினர். விரைந்தோ பிந்தியோ சென்றனர். செவி குற்றமற்றதாயிருக்க லயம் ஏன் பிழைக்கின்றது என்னும் வினா எழுந்தது. வாத்தியத்திலே காலங்காக்க இயலாத மாணவன் வீதியிற் சீராக நடக்கின்றான் என்பதையும், இசை கேட்கும்போது மாணவரின் கால்களும் தலைகளும் தாமாகவே அசைகின்றன என்பதையும் டல்குரோஸ் கவனித்தார். லயவுணர்வு செவிக்கு மட்டும் உரியதன்று, தசைகளோடும் நரம்புகளோடும் தொடர்புடையது என்னும் கருத்து இதனின்றும் பிறந்தது. கையாலே தாளமிட்டுப் பாடும் வழக்கினை ஆரம்பப் பயிற்சியிலேயே கொண்ட கருநாடக இசை மரபை அறிந்தோர்க்கு இக்கருத்துப் புதுமையாகத் தோன்றாதிருக்கலாம். அன்றைய ஜெனீவாக் கல்லூரியிலோ உடலசைவு இசைப்பாடத்துக்குப் புறம்பானது.

அவர் மாணவரை இசைக்கேற்ப நடக்கவும் நிற்கவும் கையசைக்கவும் செய்தார். இங்கும் புதிய சிக்கல் தோன்றியது. தொடர்ந்து நடப்பதிலும் குறிப்பிட்ட கணத்திலே நிற்பதும், வேகத்தை மாற்றுவதும் கடினமாயின. மூளையின் கட்டளை தசைகளை உரிய கணத்தில் அடையாமையே காரணம் எனக் கருதிய அவர், சட்டென ஒலிக்கும் கட்டளைச் சொல்லுக்கு உடன் இயங்குதற்குரிய பயிற்சிகளை வகுத்தார். இவ்வாறு ஒரு சிக்கலுக்குக் கண்ட தீர்வு அடுத்த சிக்கலைக் காட்ட, அதனை ஆராய்ந்து மீண்டும் முறையைத் திருத்துவதே அவரது வழக்கமாயிற்று. பிற்காலத்தில் யூரித்மிக்ஸ் எனப் பெயர்பெற்ற லயக்கல்வி ஒரே நாளில் தோன்றிய கொள்கையன்று. பல்லாண்டு வகுப்பறைத் திருத்தங்களின் திரட்சியாகும்.

கல்லூரியின் எதிர்ப்பு கடுமையாயிருந்தது. மாணவியர் வெறுங்காலுடனும் தளர்ந்த உடையுடனும் அசைவதை அக்காலச் சமூகம் ஒழுக்கக் குறைவாகக் கருதியது. இசைக்கல்லூரியில் உடற்பயிற்சிக்கு என்ன வேலை என்றும் வினவப்பட்டது. டல்குரோஸ் பின்வாங்கவில்லை. உளவியலறிஞர் எடுவார் கிளப்பரேட்டின் ஆதரவு அவருக்குக் கிட்டியது. 1905இற் சோலோதூர்ன் நகரிற் கூடிய சுவிஸ் இசைவாணர் முன்னிலையிலே தமது முறையை விளக்கி, பாடசாலைகளின் இசைக்கல்வியைச் சீர்திருத்த வேண்டுமென வாதிட்டார். அடுத்த ஆண்டில் ஆசிரியர்களுக்கான முதலாவது பயிற்சிநெறி நடைபெற்றது.

1910ஆம் ஆண்டில் வுல்ப் டோர்ன் என்பாரின் அழைப்பை ஏற்று, ஜேர்மனியில் டிரெஸ்டன் நகரையடுத்த ஹெல்லராவு என்னும் தோட்ட நகரை நோக்கி அவரது பணி பெயர்ந்தது. கட்டடக்கலைஞர் ஹைன்ரிக் டெசனோ அங்கு பெரும் மண்டபமொன்றை அமைத்தார். அரங்கச் சிந்தனையாளர் அடோல்ப் அப்பியாவின் துணையோடு 1912, 1913ஆம் ஆண்டுகளில் குளுக்கின் ஓபியசு இசைநாடகம் அங்கு மேடையேறியபோது ஐரோப்பாவெங்கணுமிருந்து கலைஞர் திரண்டனர். ஆயின் புகழே புதிய வினாவொன்றை எழுப்பிற்று. மாணவனின் உள்ளே லயவுணர்வை வளர்ப்பதற்கென எழுந்த பயிற்சி, பார்வையாளரை மகிழ்விக்கும் காட்சியாகிவிடாதா? அங்கு பயின்ற மேரி விக்மன், அசைவு இசைக்கு அடிமையாதலை ஏற்காது பிரிந்து சென்று தனி நடன மரபை உருவாக்கினார். மரி ராம்பேர் 1913இல் அரங்கேறிய ஸ்றாவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு' நடனத்தில் நிஜின்ஸ்கிக்குத் துணைபுரிந்தார். மாணவர் விலகிச் சென்ற திசைகளும் ஒரு முறையின் எல்லைகளை உணர்த்துவனவாம்.

1914இல் முதலாம் உலகப்போர் மூண்டது. றீம்ஸ் தேவாலயத்தை ஜேர்மன் படைகள் பீரங்கியாற் சிதைத்தமையைக் கண்டித்து ஜெனீவாவில் வெளிவந்த அறிக்கையிலே டல்குரோஸ் கையொப்பமிட்டார். ஜேர்மனியில் எழுந்த சினத்தின் விளைவாக ஹெல்லராவுப் பணி அவருக்கு முடிவுற்றது. நாலாண்டு உழைப்பை இழந்த அவர், 1915இல் ஜெனீவாவிலே தம் பெயரால் நிறுவனமொன்றைத் தொடங்கி, 1950இல் மறையும்வரை கல்விப்பணியைத் தொடர்ந்தார்.

அவரது முறையில் உடலசைவு, சுரப்பாடல், பியானோவில் உடனுக்குடன் கற்பனை செய்து வாசித்தல் என்னும் மூன்றும் இணைந்துள்ளன. இவற்றுள் இறுதியானது ஆசிரியனுக்கே உரிய பயிற்சியாகவும் அமைதல் குறிப்பிடத்தக்கது. மாணவனின் நடை தளருமாயின் ஆசிரியனின் வாசிப்பு அக்கணமே அதனை உணர்ந்து மாறவேண்டும். முன்கூட்டி எழுதிய பாடக்குறிப்பு அங்கே போதாது. 1983இல் டொனால்ட் ஷோன் என்னும் அமெரிக்க அறிஞர், செயலின் நடுவே நிகழும் சிந்தனையைத் தொழில்வல்லோரின் அறிவுக்கு அடிப்படையாகக் கொண்டு விரிவாக ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சி எழுவதற்குப் பன்னெடுங்காலம் முன்னரே, ஜெனீவா வகுப்பறையில் அது நடைமுறையாயிருந்தது எனலாம்.

ஆயினும் வெற்றிபெற்ற எம்முறைக்கும் ஓர் ஆபத்து உண்டு. முதலாசிரியன் ஐயத்தினாற் கண்டவற்றை வழிவந்தோர் ஐயமின்றி மனனஞ் செய்வாராயின், அவையும் பழைய ஹார்மனி விதிகளின் நிலையையே அடையும். ஆகவே புதிதாகப் பணியேற்கும் இசையாசிரியன் டல்குரோஸிடம் கற்கவேண்டியது அவரது பயிற்சிகளின் பட்டியலினும் பெரிது. மாணவனின் தவறு ஒவ்வொன்றையும் தனது கற்பித்தலைப் பற்றிய செய்தியாகக் கொண்டு ஆராயும் துணிவே அது. அத்துணிவு உள்ளவரையில் ஆசிரியனின் வளர்ச்சி நிற்பதில்லை.